புது கிளாசிக்கல் வேற இசையோட கலக்குற இடம்: எந்தப் பக்கமா உள்ள போறது?

கிளாசிக்கல் கேக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா நேரா பீத்தோவன் சிம்ஃபனில ஆரம்பிக்க மனசு வரல, ராக்கோ ஜாஸோ எலக்ட்ரானிக்கோ கலந்த மாதிரி ஏதாவது புதுசா சொல்லுங்கன்னு கேக்கறவங்க நிறைய பேர். இதுக்கு வழக்கமா வர்ற பதில் மெதுவா ஓடுற பியானோ டிராக் ஒரு பத்து, கேட்டவங்களும் ஒரு வாரம் கேட்டுட்டு நல்லா இருக்கு, ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு விட்டுட்டு போயிடுறாங்க. எனக்கு அதுல ரொம்ப வருத்தம். ஏன்னா கடந்த அறுபது வருஷத்துல எழுதின இசைல ரொம்ப உயிரோட இருக்கற பகுதியே இந்தக் கலப்பு நடந்த இடங்கள்தான், தப்பான வாசல் வழியா போனதால ஒருத்தர் அதை மொத்தமா தவற விட்டா அது பெரிய இழப்பு.

அதனால இருக்கற வழிகளை பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துடலாம். மினிமலிசம் ஒண்ணு, பியானோவும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த அமைதியான பக்கம் ஒண்ணு, ஜாஸ், ராக், அப்புறம் ராகத்தையும் மேற்கத்திய இசையையும் சேக்கற பக்கம். இன்னும் டாங்கோ இருக்கு, நாட்டுப்புற இசை இருக்கு, டிஜே சுத்தற டர்ன்டேபிளுக்கு கான்செர்டோ, அதாவது ஒரு தனிக் கருவி ஆர்கெஸ்ட்ராவோட சேந்து வாசிக்கற இசை, எழுதினவர் கூட இருக்கார், ஆனா முதல் முடிவு எடுக்க இந்த அஞ்சு போதும்.

எதை வச்சு ஒப்பிடறதுன்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா எல்லாமே அழகா இருக்குங்கறதோட கட்டுரை முடிஞ்சிடும். என்கிட்ட இருக்கறது ஒரு சின்ன சோதனை. நீங்க கேக்கற பீஸ்ல இருக்கற கருவிகளை மாத்திட்டு அதே நோட்ஸை வேற கருவில வாசிச்சா கலப்பு இன்னும் காதுக்கு தெரியுதா? தெரிஞ்சா அந்தக் கலப்பு இசையோட கட்டமைப்புக்குள்ள நடந்திருக்கு, அதாவது தாளம், நேரத்தை நகர்த்தற விதம், ஒரு யோசனை வளர்ற விதம் இதுக்குள்ள. தெரியலன்னா ஒரு இசையோட சத்தத்தை இன்னொண்ணு மேல போத்தியிருக்காங்க. போத்தினதுலயும் இனிமையானது உண்டு, ஆனா அது சீக்கிரம் தீந்துடும், மூணாவது தடவை கேக்கும்போது புதுசா ஒண்ணும் கிடைக்காது. இந்த சோதனை எல்லா இடத்துலயும் சரியா வேலை செய்யாது, எங்க உதவாதுன்னு அந்த இடம் வரும்போது சொல்றேன்.

மினிமலிசத்துல, அதாவது சின்னச் சின்ன துணுக்கை திருப்பி திருப்பி வாசிச்சு மெல்ல மாத்திட்டே போற இசைல ஆரம்பிக்கறேன், ஏன்னா என்னோட சாய்வு இங்கதான் இருக்கு, அதை மறைக்கறதுல அர்த்தம் இல்ல. 1964ல அமெரிக்க கம்போசர் டெர்ரி ரைலி 'இன் சி' எழுதினார். மொத்தம் 53 குட்டி குட்டி துணுக்கு, எத்தனை பேர் வேணா, எந்த கருவில வேணா வாசிக்கலாம், ஒவ்வொருத்தரும் ஒரு துணுக்கை தனக்கு தோணுற வரைக்கும் திருப்பி திருப்பி வாசிச்சுட்டு அடுத்ததுக்கு போகலாம், எல்லாரையும் சேத்து பிடிக்க ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் பின்னாடி துடிச்சிட்டே இருக்கும். அந்தத் துடிப்பு வேணும்னு யோசனை சொன்னது இன்னொரு கம்போசர் ஸ்டீவ் ரைஷ். அவர் அடுத்த வருஷமே 'இட்ஸ் கோன்னா ரெயின்' பண்றார், ஒரு தெருப் பிரசங்கியோட குரலை ரெண்டு டேப் மெஷின்ல ஓட விட்டு, ரெண்டும் மெல்ல மெல்ல விலகறப்ப உண்டாகற தாளத்தையே பீஸா ஆக்கினார். லூப், சேம்பிள்னு இன்னைக்கு எலக்ட்ரானிக் இசைல இருக்கற யோசனையோட வேர்ல ஒண்ணு அங்க இருக்கு. 1990ல தி ஆர்ப் குழு 'லிட்டில் ஃப்ளஃபி கிளவுட்ஸ்'ல ரைஷோட 'எலக்ட்ரிக் கவுண்டர்பாயிண்ட்'ட சேம்பிள் பண்ணினப்ப, அந்தக் கடன் ஒரு சுத்து சுத்தி திரும்பி வந்த மாதிரிதான்.

ரைஷ் 1970ல கானாவுக்கு போய் ஈவே மக்களோட மேளம் கத்துக்கிட்டார், அப்புறம் பாலித்தீவு கேமலான், அதாவது உலோக மணிகளும் தட்டுகளும் சேர்ந்த குழு இசை, வாசிக்க கத்துக்கிட்டார், அதுக்கு முன்னாடியே ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை கோல்ட்ரேனை நேர்ல போய் போய் கேட்டவர். இதெல்லாம் சேர்ந்துதான் 1976ல 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' வந்துச்சு. அதுல ஆப்பிரிக்க மேளம் ஒண்ணு கூட இல்ல, சாக்ஸஃபோன் இல்ல, கேமலான் மணி இல்ல. மரிம்பா, சைலோஃபோன், வைப்ரஃபோன், மரக்காஸ், பியானோ, கிளாரினெட், வயலின், செல்லோ, பெண் குரல்கள், அவ்வளவுதான். ஆனா தாளங்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து நிக்கற விதத்துல கானா இருக்கு, ஒரு வைப்ரஃபோன் சைகை கொடுத்ததும் மொத்த குழுவும் அடுத்த கட்டத்துக்கு மாறுறதுல கேமலான் இருக்கு, கண்டக்டரே கிடையாது. முதல்ல 11 கார்டுகள் (chord, ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டு) ஒவ்வொண்ணா அலை மாதிரி எழுந்து அடங்குது, அப்புறம் ஒவ்வொரு கார்டும் விரிஞ்சு சில நிமிஷத்துக்கு ஒரு தனி உலகமா ஆகுது, கடைசில அந்த 11ம் திரும்பி வருது. கிளாரினெட் வாசிக்கறவங்களும் பாடறவங்களும் ஒரு மூச்சு எவ்வளவு நேரம் தாங்குதோ அவ்வளவு நேரம்தான் ஒரு ஸ்வரத்தை துடிக்க விடுவாங்க, அதனால மெஷின் மாதிரி ஓடுற தாளத்துக்கு மேல மனுஷ மூச்சோட அளவு வந்து உக்காருது. நான் சொன்ன சோதனைல இது முழுசா தேறுது, கிட்டார்ல வாசிங்க, சிந்தசைசர்ல வாசிங்க, கலப்பு அப்படியே இருக்கும்.

இன்னொரு மினிமலிஸ்ட் கம்போசர் பிலிப் கிளாஸ் கதை நம்ம காதுக்கு இன்னும் பக்கம். அறுபதுகளோட நடுவுல பாரிஸ்ல ரவிசங்கர் ஒரு படத்துக்கு இசை பண்றப்ப அதை மேற்கத்திய வாத்தியக்காரங்களுக்கு நோட்ஸா எழுதிக் கொடுக்கற வேலை கிளாஸுக்கு கிடைச்சுது, ரவிசங்கர் சிதாரும் அல்லா ரக்கா தபலாவும் வாசிக்கறதை மேற்கத்திய நோட்ஸ்ல தாள அளவு பிரிக்கற செங்குத்துக் கோடு (பார் லைன்) போட்டு எழுதினா அழுத்தம் எல்லாம் தப்பான இடத்துல விழுது. அங்கதான் அவருக்கு புரிஞ்சுது, நேரத்தை பெருசுல இருந்து சின்னதா வெட்டிட்டு வர தேவையில்ல, சின்ன துண்டுகளை கூட்டிக்கிட்டே போகலாம்னு. தகிட, தகதிமி, தகதகிடன்னு கணக்கு போட்டு பழகின யாருக்கும் இது விளக்கவே வேண்டாம். 1976ல வந்த அவரோட ஓபரா 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்'ல பாடகர்கள் பல இடத்துல வார்த்தையே பாடல, எண்களையும் டோ-ரே-மி ஸ்வரப் பேரையும்தான் பாடறாங்க. அது கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், இடைவேளை கிடையாது, ஆடியன்ஸ் எப்ப வேணா எழுந்து போய்ட்டு வரலாம். முதல் தடவைக்கு அது வேண்டாம், 1982ல வந்த 'கிளாஸ்வொர்க்ஸ்' நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், அதுல ஆரம்பிங்க.

மினிமலிசத்தோட கஷ்டம் என்னன்னா முதல் பத்து நிமிஷம் எதுவுமே நடக்கலன்னு தோணும். நடந்துட்டுதான் இருக்கு, ஆனா பாட்டு கேட்டு பழகின காது மெலடி எங்கன்னு தேடிட்டே இருக்கும். அந்தத் தேடலை விட்டுட்டு உள்ள இருக்கற ஏதோ ஒரு கருவிய, சொல்லப்போனா பேஸ் கிளாரினெட்டை மட்டும் பிடிச்சிக்கிட்டு கூடவே போங்க, அது எப்ப வருது எப்ப மறையுதுன்னு, அப்ப கதவு திறக்கும். ஷஃபிள்ல போட்டுடாதீங்க, டிராக்குக்கு நடுவுல இடைவெளி விழாம ஓடுற மாதிரி செட்டிங் இருக்கான்னும் பாத்துக்குங்க, ஒரு மணி நேர பீஸ் நடுவுல நின்னு நின்னு ஓடினா கட்டிடமே சரிஞ்சிடும்.

அடுத்தது பியானோ, எலக்ட்ரானிக்ஸ் பக்கம். இன்னைக்கு பெரும்பாலான பேர் உள்ள வர்ற வாசல் இதுதான், மேக்ஸ் ரிக்டர், நில்ஸ் ஃப்ராம், ஓலாவர் ஆர்னல்ட்ஸ், யோஹான் யோஹான்சன், லுடோவிகோ ஐனௌடி. இவங்களை எல்லாம் ஒரே மூட்டைல கட்டறது பெரிய தப்பு, பிளேலிஸ்ட்டுங்க அதைத்தான் பண்ணுது, அதனாலதான் எல்லாம் ஒண்ணா கேக்குது.

ரிக்டரை எடுத்துக்கங்க. 2004ல வந்த 'தி ப்ளூ நோட்புக்ஸ்' இராக் போருக்கு எதிரா பண்ணின ஆல்பம், நடுநடுவுல நடிகை டில்டா ஸ்விண்டன் எழுத்தாளர் காஃப்காவோட குறிப்புகளை படிக்கறாங்க, டைப்ரைட்டர் சத்தம் கேக்குது. அதுல இருக்கற 'ஆன் தி நேச்சர் ஆஃப் டேலைட்' பல படங்கள்ல வந்து இப்ப அழறதுக்கான இசைன்னே ஆயிடுச்சு, ஆனா ஆல்பத்துக்குள்ள அது இருக்கற இடத்துல கேட்டா அதுல கோபம் இருக்கு, ரொம்ப அடக்கின கோபம். 2012ல விவால்டியோட நாலு பருவங்களை எடுத்து, முக்காவாசியை தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தை லூப் பண்ணி திருப்பி எழுதினார், டேனியல் ஹோப் வயலின். இது ரீமிக்ஸ் மாதிரி யோசிச்சு பண்ணின வேலை, ஆனா வாசிக்கறது பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராதான். என் சோதனைல இது நல்லாவே தேறும், ஏன்னா எலக்ட்ரானிக் இசையோட பழக்கம், ஒரு துண்டை வெட்டி அதையே சுத்த விடறது, நோட்ஸுக்குள்ளயே இறங்கியிருக்கு. 2015ல வந்த 'ஸ்லீப்' எட்டு மணி நேரத்துக்கு மேல, தூங்கிட்டே கேக்கறதுக்காகவே எழுதினது, அதுலயே ஒரு மணி நேர சுருக்கமும் தனியா வந்திருக்கு.

சோதனை உதவாத இடம்னு சொன்னேனே, அது நில்ஸ் ஃப்ராம். 2011ல அவர் பண்ணின 'ஃபெல்ட்' ஆல்பத்துல, ராத்திரில அக்கம்பக்கத்துக்கு தொந்தரவு இல்லாம வாசிக்கறதுக்காக பியானோ கம்பிகளுக்கும் சுத்தியலுக்கும் நடுவுல ஒரு கனமான ஃபெல்ட் துணிய வச்சு, மைக்கை கம்பிக்கு ரொம்ப கிட்ட கொண்டு போய் பதிவு பண்ணினார். அதனால கட்டை கிரீச்சுன்னு நகர்றது, விரல் சாவில படறது, அவர் மூச்சு விடறது எல்லாம் கேக்குது. நோட்ஸை மட்டும் தனியா எடுத்து வேற பியானோல வாசிச்சா பாதி போயிடும், ஏன்னா இங்க சத்தம்தான் இசையே. ரெக்கார்டிங்கை கருவியா நினைக்கறது எலக்ட்ரானிக் உலகத்துல இருந்து வந்த யோசனை, அது பியானோவுக்குள்ள வந்திருக்கு. அதனால என் சோதனை இதை மேலோட்டமான கலப்புன்னு தள்ளினாலும் நான் தள்ள மாட்டேன். ஒண்ணு மட்டும், இதை ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா ஒண்ணுமே கிடைக்காது, நல்ல ஹெட்போன் வேணும்.

யோஹான்சனோட 'ஐபிஎம் 1401, எ யூசர்ஸ் மேனுவல்' 2006ல வந்தது. அவரோட அப்பா ஐஸ்லாந்துல ஐபிஎம்ல இன்ஜினியரா இருந்தவர், அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற மின்காந்த அலைகளை ரேடியோ மூலமா பிடிச்சு அதை மெட்டு பாட வச்சு டேப்ல பதிஞ்சு வச்சிருந்தார், மகன் அந்த டேப்பை சுத்தி ஒரு ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவை எழுதினார். இந்தப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னா நான் இதைத்தான் கைல கொடுப்பேன். ஆர்னல்ட்ஸ் ஹார்ட்கோர் பேண்டுல டிரம்ஸ் வாசிச்சவர், 2018ல 'ரீமெம்பர்' ஆல்பத்துக்கு அவர் ஒரு பியானோ வாசிச்சா கூட இன்னும் ரெண்டு பியானோ தானா பதில் சொல்ற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு வச்சு எழுதினார், அது கேக்க லேசா இருந்தாலும் உள்ள யோசனை இருக்கு. ஐனௌடி எனக்கு சீக்கிரம் தீந்து போறார், அதை ஒளிக்காம சொல்லிடறேன். பிடிச்சவங்களுக்கு பிடிக்கட்டும், ஆனா இந்த உலகத்துக்குள்ள ஆழமா போக அவர் வழி காட்டறதில்ல, அதே இடத்துல சுகமா உக்கார வச்சிடறார்.

இந்தப் பக்கத்தோட பெரிய ஆபத்து அதுதான். வேலை செய்யும்போது பின்னாடி ஓட விடறதுக்கு தோதா இருக்கறதால காது அதை பின்னணியாவே பழகிடும், அப்புறம் அதுக்குள்ள இருக்கற நல்ல பீஸையும் கவனிக்க விடாது. படிக்கறதுக்கோ தூங்கறதுக்கோ இசை வேணும்னா அது நியாயமான தேவை, அதுக்கு இதை விட நல்லது கிடைக்காது. கேக்கணும்னு வந்திருக்கீங்கன்னா இதை ரெண்டாவதா வச்சிக்கங்க.

ஜாஸ் பக்கம் இதுல வயசான கலப்பு. 1924 பிப்ரவரில நியூயார்க்ல கெர்ஷ்வினோட 'ராப்ஸடி இன் ப்ளூ' முதல் தடவை வாசிக்கறப்ப பியானோ பகுதில கொஞ்சம் எழுதியே இருக்கல, கெர்ஷ்வின் அங்கயே உக்காந்து கற்பனைல வாசிச்சார், பேண்டுக்கு இசைக்கோர்வை எழுதிக் கொடுத்தது ஃபெர்டே குரோஃபே. 1957ல குந்தர் ஷுல்லர் ஜாஸும் கிளாசிக்கலும் சேர்ந்த இசைய மூணாவது ஓடைன்னு பேரே வச்சார். ஆனா இங்க ஒரு அடிப்படை சிக்கல் இருக்கு. ஜாஸோட உயிர் அந்த நிமிஷத்துல வர்ற மனோதர்மம், ஆர்கெஸ்ட்ராவோட உயிர் எழுதி வச்ச நோட்ஸ், அறுபது பேர் ஒண்ணா வாசிக்கணும்னா எழுதித்தான் ஆகணும். அதனால பெரும்பாலும் ஜாஸ்காரர் நடுவுல பறப்பார், சுத்தி ஆர்கெஸ்ட்ரா மெத்தை விரிச்சிட்டு இருக்கும். மெத்தை எவ்வளவு பட்டா இருந்தாலும் மெத்தைதான்.

இதை தாண்டினது ரெண்டு சொல்றேன். 1994ல வந்த 'ஒஃபீசியம்', ஹில்லியர்ட் குழுவோட நாலு ஆண் குரல்கள் இடைக்கால, மறுமலர்ச்சிக் காலத்து தேவாலய இசைய பாட, யான் கார்பரெக் அதுக்கு நடுவுல சாக்ஸஃபோன் வாசிக்கறார், ஒரு மடாலயத்துல பதிவு பண்ணினது. அந்தப் பாடல்கள்ல ஒரு வரி சும்மா இன்னொரு வரிக்கு பதில் சொல்லும், அதனால அஞ்சாவது குரலா சாக்ஸ் வந்து சேந்துக்க இடம் ஏற்கனவே இருக்கு. இன்னொண்ணு 2021ல வந்த 'ப்ராமிசஸ்', எலக்ட்ரானிக் இசை பண்ற ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ், எண்பதை நெருங்கின சாக்ஸ் மேதை ஃபரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா. ஒரு சின்ன ஸ்வரக் கோர்வை மொத்தம் 46 நிமிஷமும் கிட்டத்தட்ட மாறாம திரும்பி திரும்பி வருது, சாண்டர்ஸ் ஒவ்வொரு தடவையும் அதுக்கு வேற பதில் சொல்றார், ஒரு இடத்துல சாக்ஸை விட்டுட்டு வாயாலயே முணுமுணுக்கறார், ஆறாவது பகுதில ஆர்கெஸ்ட்ரா வந்து எழும்போது உடம்பே சிலிர்க்கும். மூணு உலகமும் ஒரே கட்டமைப்பை நம்பி நிக்குது, யாரும் யாருக்கும் மெத்தை இல்ல. ரொம்ப குறைஞ்ச பழக்கத்தோட வர்றவங்க கூட உள்ள நுழையலாம், அது இதோட இன்னொரு பலம்.

ராக் பக்கத்தை சுருக்கமா முடிச்சிடலாம். 1969 செப்டம்பர்ல டீப் பர்பிள், ஜான் லார்ட் எழுதின கான்செர்டோவ ராயல் ஆல்பர்ட் ஹால்ல ஆர்கெஸ்ட்ராவோட வாசிச்சாங்க, 1999ல மெட்டாலிகா சான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனியோட. பிரம்மாண்டம் வேணும்னா ரெண்டுமே சந்தோஷம் தரும். ஆனா மெட்டாலிகா ரெக்கார்டுல ஆர்கெஸ்ட்ராவ முழுசா எடுத்துட்டா பாட்டு அப்படியே நிக்குது, அப்ப கலந்தது என்ன? பேண்டும் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே மேடைல நிக்கறது கலப்பு ஆகாது. ராக் காதோட வர்றவங்க போக வேண்டிய இடம் வேற, கிளாஸ் டேவிட் பொவியோட 'லோ' ஆல்பத்தை வச்சு 1992ல எழுதின சிம்ஃபனி, ரைஷ் ரேடியோஹெட் பாட்டு ரெண்டை எடுத்து கட்டின 'ரேடியோ ரீரைட்', அதே பேண்டோட ஜானி கிரீன்வுட் எழுதற ஆர்கெஸ்ட்ரா இசை. கிரீன்வுட் போலந்து கம்போசர் பெண்டெரெட்ஸ்கிய உயிரா நேசிச்சவர், 2012ல ரெண்டு பேரோட பீஸும் சேர்ந்து ஒரே ஆல்பமா வந்துச்சு. அதுல இருக்கற பெண்டெரெட்ஸ்கியோட 1960 பீஸ் 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதினது, அப்புறமா ஹிரோஷிமாவுல பாதிக்கப்பட்டவங்களுக்கு காணிக்கை ஆச்சு, டிஸ்டார்ஷன் கிட்டார் பழகின காதுக்கு அந்தக் கத்தல் உடனே புரியும், கிளாசிக்கல் மட்டும் கேட்டவங்களுக்குத்தான் அது அதிர்ச்சியா இருக்கும். நியூயார்க்ல 1987ல ஜூலியா வுல்ஃப், டேவிட் லாங், மைக்கேல் கார்டன் மூணு பேரும் ஆரம்பிச்ச பேங் ஆன் எ கேன் ஆளுங்களையும் விட்டுடாதீங்க, எலக்ட்ரிக் கிட்டாரும் செல்லோவும் அங்க சரிசமமா உக்காந்து வாசிக்குது.

ராகம் பக்கம் வந்தா கொஞ்சம் நின்னு பேசணும். இது நமக்கு நெருக்கம்ங்கறதால பலரும் இதுலதான் ஆரம்பிக்க நினைப்பாங்க, எனக்கு அதுல தயக்கம் இருக்கு. காரணம் இசைக்குள்ளயே இருக்கு. ராகம் ஒரே வரில வாழ்றது, ஸ்வரத்தோட உயிர் கமகத்துல, அதாவது அதை அசைச்சு அசைச்சு பாடற விதத்துல, தோடி ராகத்தோட காந்தார ஸ்வரத்தை பியானோல எந்தக் கட்டைல போய் வாசிக்கறது, அது ரெண்டு கட்டைக்கும் நடுவுல அசைஞ்சிட்டே இருக்கு. மேற்கத்திய இசையோட பலமோ பல வரிகள் ஒண்ணு மேல ஒண்ணு நின்னு கார்டு நகர்றதுல, அதுக்கு ஸ்வரம் அசையாம இருக்கணும். ஆக ரெண்டையும் சேக்கறப்ப யாராவது ஏதாவது ஒண்ணை விட்டுக் கொடுத்தே ஆகணும். 1971ல அரங்கேறின தன்னோட முதல் சிதார் கான்செர்டோவ எழுதினப்ப ரவிசங்கர் ஹார்மனிய, அதாவது அந்தக் கார்டு நகர்றதை, வேணும்னே ஒதுக்கி வச்சார், ராகத்தை காப்பாத்த. ராகம் பிழைச்சுது, ஆனா அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ரா பல இடத்துல சிதார் சொன்னதை திருப்பி சொல்லிட்டு நிக்குது. எதிர்ப் பக்கம் போனவங்க, ராகத்துக்கு கீழ கார்டு போட்டவங்க, பல நேரம் கமகத்தை வழிச்சு எடுத்துட்டு அசைவில்லாத வெறும் ஸ்வர வரிசையா மாத்திடறாங்க.

இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' 1986ல வந்து தியாகராஜருக்கும் ஜெர்மன் கம்போசர் பாக்குக்கும் (Bach) காணிக்கையா போனது, அதுல அவர் எடுத்த வழி வேற. பாக் தனி வயலினுக்கு எழுதின பார்ட்டிட்டாங்கற பீஸ் ஒண்ணு ஓடிட்டு இருக்கு, அதுக்கு பக்கத்துலயே இன்னொரு வயலின் நம்ம பாணில தன் வழியா பேசுது, யாரையும் யாரும் மாத்தல, ரெண்டு பேரும் ஒரே சுருதில நின்னு உரையாடறாங்க. பாக்கோட இசைல வரிகள் தனித்தனியா நடக்கறதால இது முடியுது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமாண்டிக் காலத்து சிம்ஃபனிய எடுத்திருந்தா முடிஞ்சிருக்காது. எந்தக் காலத்து கிளாசிக்கலை எடுக்கறோம்ங்கறதுலயே பாதி வெற்றி இருக்குன்னு அந்த ஆல்பம் கேக்கும்போது புரியும். 1990ல ரவிசங்கரும் கிளாஸும் பண்ணின 'பேசேஜஸ்' இன்னொரு நல்ல உதாரணம், ஒருத்தர் கொடுத்த கருவை இன்னொருத்தர் வளத்தார், பாரிஸ்ல சந்திச்சு இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம். கிரோனோஸ் குவார்டெட் 2005ல ஆஷா போஸ்லேயோட பண்ணின ஆர்.டி. பர்மன் ஆல்பமும் ஜாலியா இருக்கும், ஆனா அது சினிமாப் பாட்டுக்கு நாலு தந்தி வாத்தியம் கொடுத்த மரியாதை, அதுக்கு மேல எதிர்பாக்க வேண்டாம்.

கர்நாடக இசை பழகின காதோட வர்றவங்களுக்கு நான் சொல்றது கொஞ்சம் வித்தியாசமா படலாம், சிதாரோ வீணையோ இருக்கற ஆல்பத்தை முதல்ல எடுக்காதீங்க. அங்க உங்க காது குறைகளைத்தான் பிடிக்கும், கமகம் எங்க, இது ஏன் இப்படி நேரா நிக்குதுன்னு. ரைலி, கிளாஸ், ரைஷ்கிட்ட போங்க, அங்க ராகமே இல்ல, அதனால ஒப்பிட ஒண்ணும் இருக்காது, ஆனா கணக்கு இருக்கு, சுருதியோட நிக்கற பொறுமை இருக்கு. ரைலி 1970ல இருந்து பண்டிட் பிரான் நாத்துகிட்ட வருஷக்கணக்கா ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டு கத்துக்கிட்டவர். உங்க காதுக்கு ஏற்கனவே இருக்கற திறமை அங்கதான் முழுசா வேலைக்கு வரும்.

அப்ப முடிவா எதை எடுக்கறது? எலக்ட்ரானிக் கேக்கறவங்க, தாளத்துல ஆசை இருக்கறவங்க, கர்நாடகக் காது இருக்கறவங்க மூணு பேருக்கும் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்', யோசிக்கவே வேண்டாம். ஜாஸ்ல இருந்து வர்றவங்களுக்கும், ஒரு மணி நேரம் ரொம்ப அதிகம்னு நினைக்கறவங்களுக்கும் 'ப்ராமிசஸ்'. கனமான ராக் கேக்கறவங்க நேரா கிரீன்வுட், பெண்டெரெட்ஸ்கி. மனசு களைச்சு போய் இருக்கு, இப்ப எதையும் கத்துக்க தெம்பில்லன்னா 'ஃபெல்ட்', இல்ல 'ப்ளூ நோட்புக்ஸ்' முழு ஆல்பமா, பிளேலிஸ்ட் துண்டா வேண்டவே வேண்டாம். எதுவா இருந்தாலும் ஒரே ஆல்பத்தை மூணு நாலு தடவை கேளுங்க, அஞ்சு ஆல்பத்தை ஒரு தடவை கேக்கறதுல இந்த இசை பிடிபடாது.

கேக்கறது மட்டும் இல்ல, வாசிக்கவும் ஆசைன்னா வரிசை மாறும். பியானோ இப்பதான் கத்துக்கறவங்களுக்கு எஸ்டோனியா கம்போசர் ஆர்வோ பேர்ட் 1976ல எழுதின 'ஃபுர் அலினா', நோட்ஸ் ரொம்ப குறைவு, ஆனா ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் ஒலிக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும், அதனால கைக்கு சுலபம், காதுக்கு கஷ்டம். கருவியே இல்லன்னா ரைஷோட 'கிளாப்பிங் மியூசிக்', 1972, ரெண்டு பேரோட கை மட்டும் போதும். மூணு தட்டு, ஒரு இடைவெளி, ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு, ஒரு இடைவெளி, ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, மொத்தம் 12 எண்ணிக்கை. ஒருத்தர் இதையே கடைசி வரைக்கும் மாத்தாம தட்டணும், இன்னொருத்தர் கொஞ்ச தடவை சேந்து தட்டிட்டு ஒரு எண்ணிக்கை முன்னாடி நகரணும், அப்படியே நகர்ந்து நகர்ந்து பன்னெண்டாவது நகர்வுல ரெண்டு பேரும் திரும்ப ஒண்ணா சேருவாங்க. ரெண்டு பகுதிக்குமே தாளம் நல்லா நிக்கணும்.